பேரேட்டில் ஒரு பெயர்

1

'கொலைகாரக் கும்பல் என்று ஊருக்கே தெரிகிறது. அப்புறம் எதற்கு வருஷக்கணக்கில் விசாரணை?' என்று கேட்டார் ஒரு நண்பர். நல்ல கவிஞர். கோபம் அவருக்குச் சீக்கிரம் வரும். பெரும்பாலும் நியாயமான கோபமாகவும் இருக்கும்.

பேச்சு இத்தாலியில் நடந்த கூட்டு விசாரணைகளைப் பற்றியது. 2023 நவம்பர் 20ந் தேதி, தென்கோடியில் உள்ள கலாப்ரியாவில், லமேட்ஸியா தெர்மே என்ற ஊரில், 338 பேருக்கு ஒரே நாளில் முதல் கட்டத் தீர்ப்புச் சொன்னார்கள். மங்க்கூஸோ என்ற குடும்பத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த 'ந்திராங்கெத்தா கும்பலின் மீதான வழக்கு அது. 2021 ஜனவரியில் தொடங்கியது. இத்தனை பேரை உட்கார வைக்க இடமில்லாமல், பழைய கால் சென்டர் கட்டடம் ஒன்றை நீதிமன்றமாக மாற்றியிருந்தார்கள். மூன்று பெண் நீதிபதிகள். தீர்ப்பை வாசித்து முடிக்கவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. 207 பேருக்குத் தண்டனை. எல்லாம் சேர்த்துக் கூட்டினால் சுமார் 2,200 வருஷங்கள். 131 பேர் விடுதலை.

நண்பருக்கு இந்தக் கடைசி எண் எரிச்சலூட்டியது. விஷயமே அந்த எண்ணில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஏன் என்று அன்று அவருக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. தாமதமாக வரும் பதில் இது.

கேள்வியை இப்படி வைத்துக்கொள்ளலாம்: தீமை தனி மனிதனிடம் இல்லாமல் ஒரு ஸ்தாபனமாக உருக்கொண்டு நிற்கும்போது, அதை விசாரிப்பது எப்படி? மனிதனை விசாரிக்கலாம். ஒரு கூட்டத்தை விசாரிக்க முடியுமா?

2

சட்டம் தனி மனிதனைத்தான் அறியும். யார், என்றைக்கு, எங்கே, என்ன செய்தான் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால்தான் அது நகரும். மாஃபியாவோ இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைக்காதபடி கட்டப்பட்ட அமைப்பு. கொல்லச் சொன்னவன் சம்பவ இடத்தில் இருக்கமாட்டான். கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் முன்விரோதம் இருக்காது. பார்த்தவன் பார்க்கவில்லை. செத்தவனுடைய தாயாருக்கும் ஒன்றும் தெரியாது. தனி மனிதனைத் தேடிப் போகிற சட்டம் ஒவ்வொரு கொலையிலும் ஒரு பிணத்தை மட்டும் கண்டுவிட்டுத் திரும்பும்.

இது கற்பனையல்ல. 1968 டிசம்பரில் கதன்ஸாரோ நகரில் நூறு பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்ட வழக்கில் பெரும்பாலோர் போதிய சாட்சியமில்லை என்ற காரணத்தால் வெளியே வந்தார்கள். 1969 ஜூனில் பாரி நகரில் கொர்லியோனே கும்பலைச் சேர்ந்த 64 பேர், கொலைக் குற்றச்சாட்டுகளிலிருந்து ஒருவர் பாக்கியில்லாமல் விடுதலை. அந்த 64ல் ஸல்வத்தோரே ரீனா என்ற பெயரும் இருந்தது. அதன்பின் இருபத்து மூன்று வருஷங்களில் அந்தப் பெயரின் உத்தரவால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதை நண்பர் தன் பக்கத்து வாதமாக எடுத்துக்கொள்ளலாம். நான் மறுக்கமாட்டேன்.

ஆகவே சட்டத்தை மாற்றினார்கள். மாற்றியதும் தாமாக அல்ல. மாஃபியாவுக்கு எதிரான மசோதாவை எழுதிய பியோ லா தோர்ரே என்ற கம்யூனிஸ்ட் எம்.பி. 1982 ஏப்ரல் 30ல் பலெர்மோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாஃபியாவை ஒடுக்கவென்று அனுப்பப்பட்ட ஜெனரல் தல்லா கியேஸா செப்டம்பர் 3ல் மனைவியோடு கொல்லப்பட்டார். பத்து நாளில் சட்டம் வந்தது. அதன்படி, மாஃபியா வகைப்பட்ட சங்கத்தில் உறுப்பினனாக இருப்பதே குற்றம்.

செய்கையிலிருந்து இருப்புக்கு நகர்ந்துவிட்டது சட்டம். என்ன செய்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தது, நீ யாரோடு இருந்தாய் என்று கேட்க ஆரம்பிக்கிறது. இதன் தேவையை மேலே சொன்ன விடுதலைகளே நிரூபிக்கின்றன. இதன் ஆபத்தை நிரூபிக்க நேப்பிள்ஸுக்குப் போகவேண்டும்.

3

1983 ஜூன் 17. ரஃபாயேலே குதோலோ என்பவனின் தலைமையில் இயங்கிய கமோரா கும்பலைப் பிடிக்க ஒரே நாளில் 856 வாரண்டுகள். அவற்றில் ஒன்று என்ஸோ தோர்தோராவின் பெயரில். இத்தாலி முழுக்க அறிந்த டெலிவிஷன் நிகழ்ச்சியாளர். விடியுமுன் ஓட்டலில் கைது செய்து, கைவிலங்கோடு காமிராக்களின் முன்னால் நடத்திக்கொண்டு போனார்கள். போதைமருந்து வியாபாரத்தில் கமோராவின் ஆள் என்று, கும்பலிலிருந்து மனம் திரும்பியதாகச் சொல்லிக்கொண்ட சிலர் சாட்சி சொல்லியிருந்தார்கள். கைதி ஒருவன் தன் நிகழ்ச்சிக்கு அனுப்பிய கைவேலைத் துணி விரிப்புகள் தொலைந்துபோனது சம்பந்தமான கடிதங்கள் இருந்தன. விரிப்பு என்பது போதைமருந்துக்குச் சங்கேதச் சொல் என்று கொள்ளப்பட்டது. ஒரு கும்பல்காரனின் டெலிபோன் குறிப்புப் புத்தகமும் இருந்தது. அதில் அவர் பெயர் இருப்பதாகச் சொன்னார்கள்.

அதில் எழுதியிருந்தது 'தோர்தோனா'. 'தோர்தோரா' என்று வாசித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த டெலிபோன் எண்ணும் அவருடையதல்ல.

1985 செப்டம்பரில் பத்து வருஷத் தண்டனை. 1986 செப்டம்பரில் மேல்முறையீட்டில் முழு விடுதலை. 1988 மேயில் புற்றுநோயில் இறந்தார். பெயர் ஒற்றுமைக்காக மட்டும் பிடிபட்ட, பிரபலமில்லாத பலர் அந்த 856ல் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. காரணம் சொந்தமானது. வங்கியில் சேர்ந்த புதிதில், எங்கள் கிளையில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்ட இரண்டு கணக்குகள் இருந்தன. சலானில் கணக்கு எண்ணின் ஒரு இலக்கம் தெளிவாக இல்லை. ஒன்றா ஏழா என்று நிதானிக்காமல், பெயரை வைத்து வரவு வைத்துவிட்டேன். மாலையில் டாலி ஆயிற்று. ஆகாமல் எப்படி இருக்கும்? பணம் வந்தது, ஒரு கணக்கில் வரவாயிற்று. கூட்டலுக்கு இது யார் கணக்கு என்பது பொருட்டே அல்ல. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும், 'எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு ஐயா, நீங்க வீட்டுல நல்லாப் பாருங்க' என்று சொல்லி அனுப்பினேன். அன்றைய கணக்கு டாலி ஆகியிருந்ததுதான் எனக்கு ஆதாரம். நான்காவது தடவை, அவரைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்ற எரிச்சலில்தான் சலான் கட்டை அவிழ்த்தேன்.

'பாத்துப் போடுங்க தம்பி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சிறிய விஷயம். அவருடைய பணம் அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அதில் ஒன்று தெரிந்துகொண்டேன். மொத்தம் சரியாக இருக்கிறது என்ற நிச்சயம் ஒருவனைக் குருடாக்கும். 856 பேரில் பெரும்பாலோர் கமோராதான் என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த உண்மைதான் 'னா'வை 'ரா'வாக வாசிக்க வைத்தது.

4

இந்த இரண்டு தோல்விகளுக்கும் நடுவில் பலெர்மோ இருக்கிறது. 1986 பிப்ரவரி 10ந் தேதி தொடங்கி 1987 டிசம்பர் 16ல் முடிந்த பெரிய விசாரணை. 475 பேர் மீது குற்றச்சாட்டு. உச்சார்தோனே சிறையை ஒட்டி இதற்கென்றே கட்டிய கான்கிரீட் மண்டபம். சுவரோரமாக 30 கூண்டுகள். ஒருவன் உதடுகளை ஸ்டேப்ளரால் தைத்துக்கொண்டு வந்து நின்றான். ஆவணங்கள் அத்தனையையும் சத்தம் போட்டு வாசித்தாக வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. வாசித்து முடிப்பதற்குள் காவல் கெடு தீர்ந்துபோகும் என்பது கணக்கு. அதற்கும் ஒரு சட்டத் திருத்தம் செய்யவேண்டி வந்தது. குற்றம் சுமத்தும் ஆவணம் மட்டும் 8,000 பக்கங்களுக்கு மேல். அதைத் தயாரித்த ஃபால்கோனேயையும் போர்ஸெல்லீனோவையும் உயிர் பாதுகாப்புக்காகக் குடும்பத்தோடு அஸினாரா என்ற சிறைத் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். தங்கியதற்கு அரசாங்கம் பிறகு அவர்களுக்கு பில் அனுப்பிற்று.

ஃபால்கோனேயை நான் ஒரு குமாஸ்தாவாகப் பார்க்கிறேன். இது அவரைக் குறைப்பதாகாது. 1980ல் ஸ்பதோலா என்ற கட்டட காண்டிராக்டரின் வழக்கு அவரிடம் வந்தபோது அவர் செய்த முதல் காரியம், வங்கிகளுக்குக் கடிதம் எழுதி, 1975லிருந்து அந்நியச் செலாவணி மாற்றிய சலான்களை அனுப்பச் சொன்னது. வந்த கட்டுகளைத் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஹெராயின் கடலைத் தாண்டி அமெரிக்கா போகிறது. அதற்கான பணம் திரும்பி வந்து ஏதோ ஒரு கிளையில், ஏதோ ஒரு கௌண்ட்டரில், ஒரு முத்திரையை வாங்கிக்கொண்டு சட்டைப்பைக்குள் போகிறது. முத்திரை குத்தியவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள அவன் விரும்பியும் இருக்கமாட்டான். இதை நான் கௌண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டு காரியங்களை அவர் ஒருங்கே செய்தார். ஸிஸிலியின் கொலைகள் சிதறிக் கிடக்கும் தனித்தனிச் சம்பவங்களல்ல, தலைமைக் குழுவும் விதிகளும் கொண்ட ஒரே ஸ்தாபனத்தின் செயல்கள் என்று முழுமையைக் கண்டார். 1984ல், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தொம்மாஸோ புஷெத்தா மனம் திறந்தபோது, மாதக்கணக்கில் அவன் சொன்னதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். இது ஒரு பக்கம். மறுபக்கம், புஷெத்தா சொன்னான் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஓட்டல் பதிவு, விமான டிக்கெட், காசோலை என்று வெளியே ஒரு தாள் அதற்குச் சாட்சி சொல்லவேண்டும். முழுமை, அவருக்குப் புரிந்துகொள்வதற்கு. குற்றம் சாட்டுவதற்கு, சலான்.

1989ல் நடந்தது இன்னும் முக்கியம். பெல்லெக்ரீத்தி என்ற மனம் திரும்பியவன், ஒரு பெரிய அரசியல் கொலைக்குப் பின்னால் இருந்தது ஸல்வோ லீமா என்று சொன்னான். லீமா ஆளும் கட்சியின் பெரும்புள்ளி. மாஃபியாவோடு அவருக்கிருந்த உறவை ஸிஸிலியில் சந்தேகிக்காதவர் கிடையாது. ஃபால்கோனே விசாரித்துப் பார்த்தார். பொய் என்று கண்டார். பெல்லெக்ரீத்தியின் மீதே அவதூறு வழக்குப் போட்டார். விளைவு என்ன? மாஃபியா எதிர்ப்பில் முன்னணியில் நின்ற லியொலூக்கா ஓர்லாண்டோ, ஆதாரங்கள் மேஜை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கின்றன என்று 1990ல் டெலிவிஷனில் குற்றம் சாட்டினார். 1991ல் நீதித்துறைக் கவுன்ஸிலின் முன் ஃபால்கோனே போய் நின்று, சந்தேகம் உண்மைக்கு வாசற்படியாகிவிடாது என்று விளக்கவேண்டி இருந்தது. இது யார் வாயில் வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். மாஃபியாவை அவரைவிட அதிகம் வெறுக்க உரிமையுள்ளவர் அன்று இத்தாலியில் யாருமில்லை.

5

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நெருக்கமான ஒருவரை இப்போது உள்ளே கொண்டுவர வேண்டும். லியொனார்டோ ஷாஷா. மாஃபியாவைக் கிராமியக் கதையாக அன்றி அதிகாரமாக நாவலில் முதலில் கண்டவர். 1961ல் வந்த 'ஆந்தையின் பகல்' அதற்குச் சான்று. எழுத்துக்கு வருமுன் சொந்த ஊரில் தானியக் கொள்முதல் அலுவலகத்தில் குமாஸ்தா. தோர்தோரா நிரபராதி என்று ஆரம்பத்திலேயே எழுதிய சிலரில் ஒருவர்.

1987 ஜனவரி 10ந் தேதி, பலெர்மோ விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, அவர் ஒரு கட்டுரை எழுதினார். மாஃபியா எதிர்ப்பும் ஓர் அதிகாரமாக, ஒரு உத்தியோக ஏணியாக மாறிவருகிறது என்றார். இரண்டு உதாரணங்கள் சொன்னார். ஒன்று மேயராக இருந்த ஓர்லாண்டோ. இன்னொன்று, மாஃபியா வழக்குகளில் அனுபவமுள்ளவர் என்பதற்காக சீனியாரிட்டியை மீறி மர்ஸாலா நகரில் தலைமை வழக்குத்தொடுநராக நியமிக்கப்பட்ட போர்ஸெல்லீனோ.

எதிர்ப்பு பொங்கிற்று. மாஃபியா எதிர்ப்பு அமைப்பு ஒன்று, அவர் நாவலிலேயே மனிதர்களில் கடைசித் தரத்துக்கு வைத்திருந்த ஒரு வசைச்சொல்லை எடுத்து அவர் மேலேயே எறிந்தது.

ஷாஷா எழுப்பியது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். எந்தப் புனிதமான போரும் தன்னை விமர்சனத்துக்கு அப்பால் வைத்துக்கொள்ளும் நாளில் கெட ஆரம்பிக்கிறது. ஆனால் அவருடைய உதாரணம் தவறு. பயங்கரமான தவறு. ஓரணிக்கு எதிராக எழுதும் வேகத்தில் அவரும் ஒரு பெயரை அந்த அணியின் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார். அந்த மனிதர் யார் என்று சலானைப் பார்க்கவில்லை. 1988 ஜனவரியில், ஃபால்கோனேக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு சீனியாரிட்டியின் பேரால் வேறொருவருக்குப் போயிற்று. ஷாஷாவின் வாதம் அற்பர்களின் கைக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை, எந்த ஆபீஸிலும் பத்து வருஷம் வேலை பார்த்தவன் ஊகிக்கலாம். 1992 மே 23ல் ஃபால்கோனே கொல்லப்பட்டபின், ஜூன் 25ல் பலெர்மோ நூலகத்தில் நடந்த கூட்டத்தில் போர்ஸெல்லீனோ பேசினார். ஃபால்கோனே சாகத் தொடங்கியது அந்த 1988 ஜனவரியில், ஒருவேளை அதற்கு முந்தைய வருஷம் ஷாஷாவின் கட்டுரை வந்தபோதே என்றார். ஜூலை 19ல் அவரும் கொல்லப்பட்டார். ஷாஷா 1989லேயே இறந்துவிட்டதால் இதைக் கேட்கும் துர்ப்பாக்கியம் அவருக்கு இல்லை.

ஒரு கட்டுரைக்கு இவ்வளவு விலை உண்டு என்பது நமக்கு மறந்துவிடுகிறது. இருநூறு பேர் படிக்கும் பத்திரிகையில் எழுதுவதால் நமக்கு விலையில்லை என்ற எண்ணம். யோசித்துப் பார்த்தால் நம் விமர்சனங்களில் எத்தனை, ஆளைப் பார்த்து எழுதப்பட்டவை? இன்ன கோஷ்டி, இன்ன ஊர், இன்னாரோடு டீ குடிப்பவன்: இவ்வளவு தெரிந்தால் புத்தகத்தைத் திறக்காமலே நாம் மதிப்புரை எழுதிவிடுகிறோம். டாலியும் ஆகிவிடுகிறது. நானும் எழுதியிருக்கிறேன்.

6

பலெர்மோவில் தீர்ப்புக்கு முன்னால் இரண்டு நீதிபதிகளும் பொதுமக்களிலிருந்து எடுத்த ஆறு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். போகுமுன் மிக்கேலே கிரேக்கோ என்ற மாஃபியாத் தலைவன் கூண்டிலிருந்து அவர்களுக்கு மன அமைதி உண்டாகட்டும் என்று வாழ்த்தினான். கேட்டவர்களுக்கு அதன் அர்த்தம் புரிந்தது. 35 நாள் உள்ளேயே இருந்தார்கள். வெளியே வந்து 19 பேருக்கு ஆயுள் தண்டனையும், மற்றவர்களுக்கு மொத்தம் 2,665 வருஷங்களும் வாசித்தார்கள். 114 பேரை விடுதலை செய்தார்கள். அவர்களில் லுச்சானோ லிஜ்ஜோவும் ஒருவன். கொர்லியோனே கும்பலின் பழைய தலைவன். அவன் யார் என்று அந்த மண்டபத்தில் அறியாதவர் இல்லை. ஆனால் சிறைக்குள்ளிருந்து இந்தக் கொலைகளை அவன் ஏவினான் என்பதற்கு இந்த வழக்கில் ஆதாரம் போதவில்லை.

என் நண்பர் இதைக் கேலிக்கூத்து என்பார். எனக்கு அந்த 35 நாளின் தார்மீகப் பெறுமானம் முழுவதும் இந்த ஒரு விடுதலையில் இருக்கிறது. 475 பேரை ஒன்றாகக் கூண்டில் ஏற்றி, பிறகு ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தார்கள். கூட்டு விசாரணை எந்த அளவுக்குக் கூட்டு விசாரணையாக இல்லாமல் போகிறதோ அந்த அளவுக்குத்தான் அது விசாரணை. மேல்முறையீட்டில் பலவீனப்பட்ட அந்தத் தீர்ப்பை 1992 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, அது நின்றதற்கு அதன் கோபம் காரணமில்லை. தாள்கள் காரணம். அதை நிற்கவிடாமல் செய்வார் என்று மாஃபியா நம்பியிருந்த லீமாவை மார்ச் 12ல் சுட்டுக் கொன்றார்கள். லீமா பற்றிய சந்தேகம் சரியாகவே இருந்திருக்கிறது. பெல்லெக்ரீத்தி சொன்னது அப்போதும் பொய்தான். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத் தாங்கிக்கொள்ளத்தான் நமக்குத் தெம்பில்லை.

1987 டிசம்பர் 16ந் தேதி மாலை இன்னொன்றும் நடந்தது. விடுதலையானவர்களில் ஒருவர் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளியே வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று பலெர்மோவில் இரண்டு நீதிமன்றங்கள் வேலை செய்திருக்கின்றன. இரண்டாவதற்கு 22 மாதம் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அதற்குப் போதும். யாரையும் அது விடுதலை செய்ததில்லை. 'ஊருக்கே தெரியும், அப்புறம் எதற்கு விசாரணை' என்ற வாக்கியம் எந்த நீதிமன்றத்துடையது என்பதை நண்பர் யோசிக்கவேண்டும்.

லமேட்ஸியா தீர்ப்பு வந்த நவம்பர் 20, தற்செயலாக, ஷாஷா இறந்த தேதி. மறுநாள் உலகப் பத்திரிகைகள் 2,200 வருஷம் என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டன. விடுதலையான 131 பேரில் விசாரணைக்கு முன்பே சிறையிலிருந்தவர்களும் உண்டு. அவர்களில் சிலர் உண்மையில் குற்றவாளிகளாகவும் இருக்கலாம். அவர்கள் இழந்த மாதங்களை யாரும் கூட்டிப் போடவில்லை. அந்தக் கூட்டல் எந்தப் பேரேட்டிலும் இல்லை. சலான் கட்டை யாராவது அவிழ்த்தால்தான் உண்டு.